முன்பக்கத்துக்கு எடுத்துவைத்த காசு: திருவொற்றியூரில் ஒரு வெளிச்சுவர் வேலை

2024 ஜனவரி. மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வெளிச்சுவரைப் பார்த்து யோசனை சொல்லும்படி திருவொற்றியூரில் ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் சின்ன ஒப்பந்தக்காரன் நான். வியாசர்பாடியிலிருந்து எண்ணூர் வரைக்கும்தான் என் எல்லை. போனதும் வீட்டுக்காரரின் மகள் கைப்பேசியை நீட்டினார். நாற்பது படங்கள் இருக்கும். மரப்பலகை போட்ட முகப்பு, சாம்பல் நிறத் தகடு போட்ட முகப்பு, பலகைக்குப் பின்னால் விளக்கு எரியும் முகப்பு. எல்லாமே முன்பக்கம்தான்.

“அண்ணா, எலிவேஷன் மட்டும் நல்லா பண்ணணும். மத்த மூணு பக்கமும் ஒரு பெயிண்ட் அடிச்சா போதும்.”

அவருடைய அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திண்ணையில் உட்கார்ந்தபடியே சொன்னார்: “நாலு லட்சம் வச்சிருக்கேன் தம்பி. அதுக்கு மேல கேட்டா எனக்குக் காது கேக்காது.”

சரி என்று வீட்டைச் சுற்றி வந்தேன். பின்பக்கம் போனதும் எனக்குக் கால் நின்றுவிட்டது.

வீடு நிற்கும் திசை

தரைத்தளம் 1994இல் கட்டியது. மாடி 2007இல் ஏற்றியது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மேலே கான்கிரீட் தளம். மனை 24 அடி அகலம், 55 அடி நீளம். கடலுக்கு நடந்தால் ஐந்து நிமிடம்.

தெரு மேற்கே, கடல் கிழக்கே. அழகு காட்ட வேண்டிய முகம் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. உப்புக்காற்றை நாள் முழுக்க வாங்குவது யார் கண்ணிலும் படாத பின்சுவர். வடக்கே ஒரு ஆள் நடக்கும் அளவுக்குச் சந்து. தெற்கே பக்கத்து வீட்டுச் சுவருக்கும் இதற்கும் நடுவில் 15 அங்குலம். அதற்குள் சாரம் கட்ட முடியாது, கொத்தனார் கரணையை வீசவும் முடியாது. அதனால் தெற்குச் சுவர் கட்டிய நாளிலிருந்து பூச்சையே பார்க்காமல் வெறும் செங்கல்லாக நிற்கிறது. வடசென்னையில் இது புதுசில்லை. இரண்டு வீட்டுக்கு நடுவே கையை நுழைத்தால் திரும்ப எடுக்க யோசிக்க வேண்டிய இடங்கள் கொருக்குப்பேட்டையில் எத்தனையோ உண்டு.

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1400 மி.மீ. மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். அப்போது காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும். மழை செங்குத்தாக விழாமல் சாய்ந்து வந்து வடக்குச் சுவரையும் கிழக்குச் சுவரையும் அறையும். மேற்குச் சுவருக்கு அந்தத் தொல்லை குறைவு. அதற்கு வேறு தண்டனை: மதியம் ஒரு மணியிலிருந்து சூரியன் சாயும்வரை வெயில். இது போக வருஷம் பூராவும் கரும்புழுதி. எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையங்கள், மணலியில் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டிக் கன்டெய்னர் லாரிகள். காலையில் துடைத்த ஜன்னல் கம்பியை மாலையில் தொட்டால் விரல் கறுக்கும்.

தட்டிப் பார்த்ததும் நக்கிப் பார்த்ததும்

பின்சுவரில் பூச்சு வயிறு உப்பி நின்றது. சுத்தியல் பிடியால் தட்டினால் நல்ல பூச்சு கெட்டியாக ஒலிக்கும். இது பானையைத் தட்டின மாதிரி டொப் டொப் என்றது. சாக்பீஸால் அப்படி ஒலித்த இடங்களைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டே போனேன். பாதிச் சுவருக்கு மேல் வட்டமாகிவிட்டது. இரண்டு சன்ஷேடுகளின் அடியில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி பல்லை இளித்தது. துருவுக்கு இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் வேண்டும். கம்பி துருப்பிடித்தால் உள்ளிருந்தே கான்கிரீட்டை உடைத்துத் தள்ளிவிடும். கீழே அந்த வீட்டின் துணி துவைக்கும் கல். அங்கே யாராவது குனிந்து நிற்கும்போது ஒரு சில்லு விழுந்திருந்தால்?

என்னோடு வந்த மேஸ்திரி அறுபதைத் தாண்டியவர். சுவரில் வெள்ளையாகப் பூத்திருந்ததை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். “இன்னா சார், இது சுண்ணாம்பு இல்ல. கடல் உப்பு” என்றார். சிமெண்டிலிருந்து வெளிவரும் வெள்ளைப் பூப்பு இப்படிக் கரிக்காது. இதை ஆய்வு என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன், ஆனால் அவர் நாக்கு தப்பியதில்லை.

வீட்டுக்கார அம்மா இன்னொன்றும் சொன்னார். மழையே இல்லாத நாளிலும் விடிகாலையில் பின்சுவர் ஈரமாக இருக்கிறதாம். பதினோரு மணிக்குக் காய்ந்துவிடுகிறதாம். குழாய் ஒழுகுகிறது என்று ஏற்கெனவே ஒரு பிளம்பர் வந்து இரண்டு இடத்தில் உடைத்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். குழாயில் குற்றமில்லை. காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு அந்த ஈரத்தைத் தானே இழுத்துக் கரையும். சமையலறை உப்பு ஜாடி மழைக்காலத்தில் என்ன ஆகிறதோ அதுதான் இந்தச் சுவரிலும் நடக்கிறது. கரைகிறது, காய்கிறது, மறுபடி படிகமாகிறது. படிகமாகும் ஒவ்வொரு முறையும் பூச்சின் நுண்துளைகளை உள்ளிருந்து நெம்புகிறது.

உப்பு எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த கேள்வி. காற்றிலிருந்து மட்டும் வந்தால் ஒரு வைத்தியம், தரையிலிருந்து ஏறினால் வேறு, கட்டும்போதே கலவையில் புகுந்திருந்தால் இன்னொன்று. பெரியவரைக் கேட்டேன். “அப்ப ஏது லாரித் தண்ணி? போர்த் தண்ணிலதான் கட்டுனோம். வாயில வச்சா கரிக்கும்” என்றார். கலவைத் தண்ணீரில் குளோரைடு எவ்வளவு இருக்கலாம் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456 எல்லை வகுத்திருக்கிறது: கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம், கம்பி இல்லாததற்கு 2000. மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே வந்த கதை ஊரறிந்தது. நாக்குக்குக் கரிக்கிற தண்ணீர் எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று ஊகிக்க லேப் தேவையில்லை.

இருந்தாலும் பார்த்தோம். பள்ளியில் வேதியியல் எடுக்கும் நண்பர் ஒருவர் உதவினார். மூன்று இடத்தில் டிரில் போட்டு, மேல்பூச்சு, செங்கல்லில் ஒரு அங்குலம், மூன்று அங்குலம் என்று தனித்தனியாகத் தூள் எடுத்தேன். பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து வடிகட்டி, கொஞ்சம் நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு, அப்புறம் வெள்ளி நைட்ரேட் சில சொட்டு. குளோரைடு இருந்தால் வெள்ளையாகத் திரியும். அளவு சொல்லாது, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட மட்டும் உதவும்.

முன்பக்கச் சுவரின் மூன்று குப்பியும் இலேசாகக் கலங்கின. பின்சுவரில் 12 அடி உயரத்தில் எடுத்ததில் மேல்பூச்சு பால்போல ஆனது, உள்ளே போகப் போகத் தெளிந்தது. ஆக, அங்கே உப்பு காற்றோடு வந்தது. அதே பின்சுவரில் ஒன்றரை அடி உயரத்தில் எடுத்த மூன்று குப்பியும் ஒரே மாதிரி பால். அங்கே தரையிலிருந்து ஈரம், அதாவது ஓதம், ஏறுகிறது. இந்த மூன்றாவது விடையை நான் சரியாக மதிக்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

எதிர்வீட்டுத் தகடு

பொருள் தேர்வு பற்றிப் பேச உட்கார்ந்தபோது மகள் ஏசிபி என்கிற அலுமினியத் தகட்டில் உறுதியாக இருந்தார். எதிர்வீட்டிலேயே 2019இல் போட்டிருந்தார்கள். மிக்ஜாம் காற்றில் அதில் ஒரு தகடு பறந்துபோய்த் தெருமுனையில் கிடந்ததாம். எதிர்வீட்டுக்காரர் நல்ல மனிதர். பக்கத்துத் தகட்டையும் கழற்றிப் பார்க்க அனுமதித்தார்.

தகடு புதுசு போல இருந்தது. நிறம்கூட மங்கவில்லை. அதைத் தாங்கிய இரும்புச் சட்டம்தான் போய்விட்டிருந்தது. ஸ்கொயர் டியூபுக்கு மேலே ஒரு கை ரெட் ஆக்ஸைடு, அவ்வளவுதான். வெட்டி வெல்டு வைத்த முனைகளில் அதுவும் இல்லை. விரலால் அழுத்தினால் அப்பளம்போல் நொறுங்கியது. அலுமினியம் இரும்பைத் தொட்டு நின்ற இடமெல்லாம் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. இரண்டு வேறு உலோகம் உப்பு ஈரத்தில் ஒட்டி நின்றால் ஒன்று மற்றதைத் தின்னும். போதாததற்குப் பின்னால் எலி வளை, பல்லி முட்டை, புறாச் சிறகு. சிலிகான் வைத்து நாலு பக்கமும் அடைத்திருந்ததால் உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியே இல்லை.

ஏசிபி என்பது இரண்டு மெல்லிய அலுமினியத் தகட்டுக்கு நடுவே ஒரு நிரப்பு. விலை குறைந்ததில் நடுவில் இருப்பது பாலிஎத்திலீன், அதாவது பிளாஸ்டிக். 2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் டவர் எரிந்து 72 பேர் இறந்தார்களே, அந்தக் கட்டடத்தின் வெளிப்புறத்தில் இருந்ததும் பாலிஎத்திலீன் நிரப்பிய தகடுதான். இரண்டு மாடி வீட்டை அந்த உயரக் கட்டடத்தோடு ஒப்பிடுவது கொஞ்சம் அதிகம் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் இந்த வீட்டின் முன்பக்கத்தில்தான் மின் மீட்டர் பெட்டி, அதை ஒட்டி மாடிப்படி. தீபாவளிக்கு அந்தத் தெருவில் ராக்கெட் எந்தத் திசையில் போகும் என்று விட்டவனுக்கே தெரியாது. தீத்தடுப்பு நிரப்பு உள்ள தகடு கிடைக்கிறது, விலையும் கூடுதல். அதை வாங்கினாலும் சட்டம் அதே இரும்பு என்றால் ஐந்து வருஷத்தில் எதிர்வீடுதான்.

மகள் அந்தச் சட்டத்தைத் தானே கையில் எடுத்து நொறுக்கிப் பார்த்தார். அதற்குப் பிறகு ஏசிபி பேச்சு வரவில்லை. நான் அரைமணி நேரம் பேசியது அந்தக் கைப்பிடித் துருவுக்கு ஈடாகாது.

மற்றதெல்லாம்

இணையத்தில் அவர் பார்த்த பாதி வீடியோ அமெரிக்க வீடுகள். அங்கே வீடே மரச்சட்டம். அந்தச் சட்டத்தின் மேல் பலகை அடித்து, ஈரத்தடுப்புத் தாள் சுற்றி, அதன் மேல் வினைல் பட்டையோ ஃபைபர் சிமெண்ட் பட்டையோ ஆணியில் மாட்டுவார்கள். சட்டை மாதிரி, பழசானால் கழற்றிவிட்டு வேறு போடலாம். நம் வீடு செங்கல்லும் கலவையும், சுவரே தோல். அதனால் அங்குள்ள பொருளை அப்படியே கேட்பதில் பயனில்லை. இரண்டு விஷயம் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, பலகைக்குப் பின்னால் தண்ணீர் இறங்கிப்போக இடம் விடுவது. இன்னொன்று, வினைலை அடிக்கும்போது ஆணியை இறுக்காமல் நீள்துளையில் சற்று ஆட விடுவது. பிளாஸ்டிக் வெயிலில் நீளும். பத்தடி நீளமுள்ள பிவிசி பட்டை 30 டிகிரி சூடு ஏறினால் சுமார் ஐந்து மி.மீ. நீளும். நம் ஊரில் மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூபிசி பட்டையை முறுக்கி முறுக்கி ஸ்க்ரூ ஏற்றுவதால்தான் மே மாதம் அது பாம்புபோல நெளிகிறது. மேற்குச் சுவரில், அதுவும் கறுப்புக்கு நெருங்கிய நிறத்தில் கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

கல் ஒட்டுவதைப் பெரியவர் விரும்பினார். கோயில் மதிலைக் காட்டினார்: “எத்தனை வருஷமா நிக்குது பாரு.” அது கல்லாலேயே கட்டினது, கல் ஒட்டினது இல்லை என்று சொன்னதும் சிரித்தார். 20 மி.மீ. கல் சதுர அடிக்கு ஐந்து கிலோவுக்கு மேல் வரும். முன்பக்கத்தில் ஜன்னல், கதவு போக 350 சதுர அடி. ஒன்றே முக்கால் டன்னை முப்பது வருஷப் பூச்சின் மேல் ஒட்டித் தொங்கவிடுவதா? தவிர, மணற்கல் தண்ணீர் குடிக்கும், கடப்பா சுண்ணாம்புக்கல் ஆகையால் அமிலப் புகை பட்டால் அரிக்கும். கிரானைட் மட்டும்தான் இந்தக் காற்றுக்குச் சளைக்காதது.

விட்ரிஃபைடு டைல்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. அது அரை விழுக்காடுகூடத் தண்ணீர் குடிக்காது. நல்லதுதான், ஆனால் சிமெண்ட் பாலையும் அதனால்தான் குடிக்காது. வெறும் சிமெண்டில் ஒட்டினால் பிடிப்பே இருக்காது; அதற்கென்று உள்ள பசைதான் வேண்டும். தெருவுக்குத் தெரு வெளிச்சுவரில் டைல்ஸ் உதிர்ந்து பல் போன வாய்போல வீடுகள் நிற்பது டைல்ஸின் குற்றமில்லை.

தாளையும் பிசினையும் அழுத்திச் செய்த ஹெச்பிஎல் பலகை நல்ல பொருள். சட்டத்தோடு சேர்த்துச் சதுர அடிக்கு 520 ரூபாய் கேட்டார்கள். முன்பக்கத்துக்கு மட்டும் 1 லட்சத்து 82 ஆயிரம். அதிலும் அலுமினியச் சட்டம் கேட்டால் விலை வேறு. டெக்ஸ்சர் பெயிண்டை நான் அடியோடு மறுத்தேன். சொரசொரப்பு ஒவ்வொன்றும் புழுதிக்கு ஒரு திண்ணை. முதல் மழையில் அது கண்மை கரைந்தது போலக் கோடு கோடாக இறங்கும். மணலியில் இரண்டு வீட்டுக்கு அதை நானே அடித்துக் கொடுத்து, இன்றும் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை.

சுவருக்குச் சுவர்

கடைசியில் ஒரு தாளில் வீட்டின் நான்கு சுவரையும் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் என்ன நோய் என்று எழுதிக் காட்டினேன். எந்தப் பொருள் என்ற கேள்வியை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றேன். அந்த அம்மா தாளைப் பார்த்துவிட்டு, “அப்ப காசு பூராவும் துணி துவைக்கிற பக்கத்துக்கா?” என்றார். ஆமாம் என்றேன். வீட்டில் அன்று கொஞ்சம் மனக்கசப்பு. மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அப்பா கூப்பிட்டு, “ஆரம்பி தம்பி” என்றார்.

கிழக்கு. சாரம் கட்டி, பொரிந்த பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்தோம். இணைப்புகளை அரை அங்குலம் ஆழத்துக்குக் கெல்லினோம். பிறகு ஐந்து வாரம் சும்மா விட்டோம். இதைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு. உடைத்துப் போட்டுவிட்டு ஆள் ஓடிவிட்டான் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. மார்ச்சும் ஏப்ரலும் வெயிலில் சுவர் காய்ந்து உப்பை வெளியே தள்ள வேண்டும். வாரம் ஒரு முறை உலர்ந்த தூரிகையால் உதிர்த்துக் கூட்டி அள்ள வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். முதல் வாரம் அரைப் பக்கெட் வந்தது. ஐந்தாவது வாரம் ஒரு கை.

அப்புறம் பூச்சு. சிமெண்ட் ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு என்று கலந்து இரண்டு தடவையாகப் போட்டோம். வெறும் சிமெண்டைவிட இது மெதுவாக இறுகும், விரிசல் குறைவு, உள்ளிருக்கும் ஈரம் வெளியேறவும் விடும். ராயபுரத்திலும் ஜார்ஜ் டவுனிலும் சுண்ணாம்புப் பூச்சில் நூறு வருஷத்தைத் தாண்டிய வீடுகள் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. மேஸ்திரிக்குச் சுண்ணாம்பைத் தொட்டே இருபது வருஷமாம். கையெல்லாம் வெந்துவிட்டது என்று திட்டிக்கொண்டே செய்தார், ஆனால் அவர் மட்டம் பிடித்த அழகைப் பார்க்கச் சித்தாட்கள் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். கலவைக்கும் தண்ணீர் காட்டுவதற்கும் போர்த் தண்ணீரைத் தொடவில்லை, லாரித் தண்ணீர்தான். பெயிண்டர் ரப்பர்போல நீளும் தடித்த பெயிண்ட் ஒன்றைச் சொன்னார். உப்புள்ள சுவரில் அது பலூன். பின்னால் ஈரம் சேர்ந்து கொப்புளிக்கும். சாதாரண வெளிப்புற எமல்ஷன், வெளியில் பட்டி கிடையாது, நாலு வாரம் காய்ந்த பிறகு பிரைமர் என்று முடித்தோம். சன்ஷேடு கம்பிகளை முழுதாகச் சுற்றிலும் கொத்தி, துருவைத் தேய்த்தெடுத்து, தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் மூடினோம். பூச்சும் பெயிண்டும் 56,000, சன்ஷேடு 38,000.

வடக்கு. இங்கே பூச்சு திடமாகவே இருந்தது, பாசிதான் கறுத்திருந்தது. காரணம் சன்ஷேடு. அதன் அடி ஓரத்தில் ஒரு பள்ளம் விட்டிருந்தால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். இல்லாததால் அடிப்பக்கமாக ஊர்ந்து சுவரில் இறங்கியது. ஓரத்தில் அலுமினியப் பட்டை ஒட்டிச் சொட்ட வைத்தோம், சுரண்டிக் கழுவிப் பாசித்தடுப்பு பெயிண்ட் அடித்தோம்.

தெற்கு. 15 அங்குலச் சந்துக்குள் எதையும் பூசவோ ஒட்டவோ முடியாது. மழை நேராக உள்ளே விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். எங்கள் கைப்பிடிச் சுவரின் மேல் அலுமினியத் தகடு மடித்துப் பொருத்தி, சந்தை மூடினாற்போல் அந்தப் பக்கம் நீட்டி, தண்ணீர் முன்பக்கக் குழாயில் இறங்கும்படி சரிவு கொடுத்தோம். இதற்குப் பக்கத்து வீட்டின் சம்மதம் வேண்டும். இருபது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத வீடு. அந்த வீட்டு அம்மாவிடம் நானே போய், “உங்க சுவரும் நனையாதும்மா” என்றேன். காபி கொடுத்து அனுப்பினார். 46 அடி நீளத்துக்கு 30,000 ஆனது.

மேற்கு, அதாவது எல்லாம் ஆரம்பித்த முன்பக்கம். தரையிலிருந்து மூன்றடிக்கு கிரானைட். மெருகு போடாமல் தீயில் சுட்ட முகம். மழைநீர் தெறிப்பு, ஸ்கூட்டர் உரசல், போஸ்டர் பசை மூன்றையும் தாங்கும். சுவரொட்டியைக் கிழிக்கும்போது பெயிண்டும் சேர்ந்து வராது. 40 சதுர அடிதான் என்பதால் செலவு 10,400. மேலே வெளிர்நிறத்தில் வழுவழு பெயிண்ட்.

மரப்பலகைத் தோற்றம் என்னாச்சு? பால்கனிக் கூரைக்கு அடியில் ஆறடிக்கு ஒன்பதடி இடம் மட்டும் அதற்கு ஒதுக்கினேன். மரவரி போட்ட ஃபைபர் சிமெண்ட் பலகை. எரியாது, கறையான் தின்னாது, வெயிலில் நெளியாது. அலுமினியச் சட்டம், பின்னால் ஒரு அங்குல இடைவெளி, மேலும் கீழும் திறப்பு, எலி வராமல் வலை. ஆங்கர் எல்லாமே கான்கிரீட் பீமில் மட்டும். பழைய செங்கல்லில் போட்டுப் பார்த்ததில் இரண்டு ஆங்கர் கையோடு வந்துவிட்டன. வெட்டிய முனைகளுக்கு சீலர் அடிக்க மறந்தால் பலகை முனையில் தண்ணீர் குடித்துப் பொரியும். அதைப் பக்கத்தில் நின்று செய்ய வைத்தேன். 54 சதுர அடி, 33,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. மகள் அதற்கு விளக்கும் போட்டுக்கொண்டார்.

உண்மையைச் சொன்னால், நாலு லட்சத்துக்குள் அடங்கியிருந்தால் மேற்குச் சுவர் முழுக்கவே இடைவெளி விட்ட பலகை போடச் சொல்லியிருப்பேன், அழகுக்காக இல்லை. ஒன்பது அங்குலச் செங்கல் மதிய வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவு எட்டு மணிக்கு அறைக்குள் கக்குகிறது. பலகை வெயிலைத் தான் வாங்கிக்கொள்ளும், பின்னால் காற்று ஓடும். பெரியவரின் படுக்கை அந்தச் சுவரை ஒட்டித்தான்.

மொத்தச் செலவு, சாரமும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் வேலையும் சேர்த்து, 2 லட்சத்து 80 ஆயிரத்துக்குள் நின்றது.

தப்பானவை

2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது இங்கேயும் மழை விடாமல் அடித்தது. மறுவாரம் போய்ப் பார்த்தேன். மேலே எதுவும் அசையவில்லை. தெற்குச் சுவர் உள்பக்கம் முதல்முறையாகக் காய்ந்திருந்தது. சந்தோஷமாகக் கிளம்பும்போது வீட்டுக்கார அம்மா துணி துவைக்கும் கல்லை நகர்த்திக் காட்டினார். பின்சுவரின் அடியில் ஒன்றரை அடி உயரத்துக்குப் பெயிண்ட் கொப்புளித்திருந்தது.

குப்பி சொன்னதுதான். ஓதம் தரையிலிருந்து ஏறுகிறது என்று பால்போலத் திரிந்து காட்டியது. நான் மேலே உள்ளதைப் போலவே அங்கேயும் பூசிப் பெயிண்ட் அடித்துவிட்டேன். அடித்தளத்தில் ஓதத்தடுப்பு இல்லாத வீட்டில் ஐந்து வாரம் காய வைத்தால் என்ன, ஐந்து வருஷம் வைத்தால் என்ன. கீழே ஊற்று இருக்கிறதே. என் செலவில் இரண்டடி உயரத்துக்குப் பெயிண்டைச் சுரண்டி எடுத்து, வெறும் கிளிஞ்சல் சுண்ணாம்பு அடித்தேன். உப்பு வரட்டும், சுண்ணாம்போடு உதிரட்டும், மறுபடி அடிக்கலாம். அது போகிக்கு இரண்டு நாள் முன்னால்.

இன்னொன்று ஸ்க்ரூ. பலகைக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ கேட்டு வாங்கினேன். அந்த ரகத்தில் மாலிப்டினம் உண்டு. உப்புக்காற்றுக்கு அதுதான் தாங்கும். எட்டாவது மாதம் பத்துப் பன்னிரண்டு ஸ்க்ரூ தலையிலிருந்து டீ வடிந்தது போலப் பழுப்புக் கோடு. கடையில் 304ஐக் கலந்து தந்திருக்கிறார்கள். காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியும் என்பார்கள், தெரியாது. இரண்டிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. மாலிப்டினத்தைக் காட்டும் சோதனைத் திரவம் ஒன்று இருக்கிறது, ஒரு சொட்டு விட்டால் நிறம் மாறும். அதை முதலிலேயே செய்திருக்கலாம். காசிமேட்டில் படகுச் சாமான் விற்கும் கடையில் புதுசு வாங்கினேன். கடைக்காரர் நான் கொண்டுபோன பழைய ஸ்க்ரூவை உருட்டிப் பார்த்துவிட்டு, “இத போட்டுக்கினு எவனும் கடலுக்குப் போவமாட்டான் நைனா” என்றார். வீட்டுக்குப் போடுவார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை.

2025 ஜூலையில் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்த பட்டையில் இரண்டு இடம் உதிர்ந்திருந்தது. பெரியவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பழைய பெயிண்ட் டப்பாவில் சுண்ணாம்பு கரைத்து, தென்னை மட்டைத் தூரிகையால் தானே அடித்துக்கொண்டிருந்தார். முன்பக்கம் விளக்கு பகலிலேயே எரிந்துகொண்டிருந்தது. அணைக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.